அழைப்பும் வரவேற்பும்: வலிகாமத்துச் சீர்திருத்தச் சபைகளில் குருவைத் தெரிவது யார்?

1. கேள்வி

பிரெஸ்பிற்றேரியன் மரபில் ஒரு சபைக்குப் புதிய குரு வந்துசேரும் வழி படிப்படியாக வகுக்கப்பட்டது. பழைய குரு ஓய்வுபெற்றதும் அயற்சபைக் குரு ஒருவர் இடைக்காலப் பொறுப்பை ஏற்பார். சபை தன் அங்கத்தவர்களிலிருந்து ஒரு தெரிவுக்குழுவை அமைக்கும். அக்குழு பலருடைய தகைமைகளை ஆராய்ந்து ஒருவரைச் சபையின் முன் நிறுத்தும். அவர் அங்கே ஆராதனை நடத்திப் பிரசங்கிப்பார். அதன் பின் சபை வாக்களிக்கும். பெரும்பான்மை இசைந்தால் ‘அழைப்பு’ எழுத்தில் வரையப்படும். வட்டாரத்தின் குருமாரும் மூப்பரும் கூடும் மன்றம் அதை ஆராய்ந்து ஏற்ற பின்னரே பதவியேற்பு ஆராதனை நடக்கும். ஆக அழைப்பது சபை, உறுதிசெய்வது மன்றம், இசைவது குரு. இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் நியமனம் நிறைவுபெறாது.

சுன்னாகச் சந்தியிலிருந்து காங்கேசன்துறை வீதியில் வடக்கே போனால் மல்லாகமும் தெல்லிப்பழையும் வரும். தெற்கே மருதனார்மடமும் இணுவிலும் உள்ளன. பக்கத்து ஊர் உடுவில். வலிகாமத்தின் இந்த வட்டாரம் ஒல்லாந்தச் சீர்திருத்தத் திருச்சபையையும் அமெரிக்க இலங்கை மிஷனையும் அடுத்தடுத்துக் கண்டது. இரண்டும் ஜோன் கல்வினின் வழிவந்தவை. சபையின் இசைவில்லாமல் குரு இல்லை என்பதைக் கொள்கையாகக் கொண்டவை. ஆயினும் இன்று இப்பகுதியின் தென்னிந்தியத் திருச்சபை ஆலயங்களுக்குக் குருமாரை அனுப்புவது யாழ்ப்பாண ஆதீனம். சபை பந்தல் போட்டு, மாலையிட்டு வரவேற்கிறது. அழைக்கும் உரிமை எங்கே போயிற்று? வலிகாமத்துச் சபைகளிடம் அது எப்போதாவது இருந்ததா? இக்கட்டுரை இந்த ஒரு கேள்வியை ஆராய்கிறது.

2. இதுவரை எழுதப்பட்டவை

யாழ்ப்பாணத்துப் புரட்டஸ்தாந்து வரலாறு நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. எமர்சன் ரெனன்ற் 1850இல் இலங்கைக் கிறிஸ்தவம் பற்றி எழுதிய நூல், மிஷனின் நூற்றாண்டை ஒட்டி ஹெலன் றூற் 1916இல் வெளியிட்ட வரலாறு, சி. டி. வேலுப்பிள்ளையின் தமிழ்ச் சரித்திரம், பேராயர் எஸ். ஜெபநேசனின் ஆய்வுகள் ஆகியவை முதன்மையானவை. றிச்சர்ட் பொக்ஸ் யங்கும் ஜெபநேசனும் இணைந்து 1995இல் வெளியிட்ட நூல், பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சைவ கிறிஸ்தவ வாதங்களை ஆராய்ந்தது. அந்த வாதங்களில் முந்திக் குரல்கொடுத்தவர்களில் ஒருவர் சுன்னாகத்து முத்துக்குமார கவிராயர். ‘ஞானக்கும்மி’, ‘யேசுமதபரிகாரம்’ என்னும் கண்டன நூல்கள் அவருடையவை.

இந்த எழுத்துகளின் கவனம் பெரும்பாலும் பள்ளிக்கூடம், அச்சுக்கூடம், வைத்தியம், அகராதி, சமயவாதம் ஆகியவற்றில் நிற்கிறது. வட்டுக்கோட்டைச் செமினரி, உடுவில் மகளிர் பாடசாலை, ‘உதயதாரகை’, கிறீன் வைத்தியரின் தமிழ் மருத்துவ நூல்கள் பற்றி அறியாத தமிழ் வாசகர் குறைவு. சபைக்குள் அதிகாரம் யாரிடம் இருந்தது என்பது ஓரத்துச் செய்தியாகவே வந்துபோகிறது. மிஷன் தமிழருக்கு என்ன தந்தது என்று எழுதியவர்கள், எதைத் தராமல் வைத்திருந்தது என்று அதே அளவு கேட்கவில்லை. குரு தெரிவு அப்படிக் கேட்கப்படாத விடயங்களில் முதன்மையானது.

3. கும்பனி அனுப்பிய குருமார்

ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினர். அவர்களுடன் வந்த பிலிப்பு பால்டேயஸ் சில ஆண்டுகள் இங்கே பணியாற்றி, 1672இல் அம்ஸ்ரடாமில் வெளியான தம் நூலில் தெல்லிப்பழை, மல்லாகம், உடுவில் முதலான ஊர்களின் தேவாலயங்களை ஊர்வாரியாக விவரித்தார். ஒவ்வோர் ஊரிலும் தேவாலயமே பள்ளிக்கூடம். ஞாயிறுதோறும் மக்கள் முன் நின்றவர் பெரும்பாலும் உபாத்தியாயர். ஞானஸ்நானத்தையும் விவாகத்தையும் பதிந்து வைத்தவரும் அவரே. குரு எப்போதாவது சுற்றுப்பயணமாக வந்து போவார்.

ஒல்லாந்தில் அத்திருச்சபையின் ஒழுங்கு வேறு. 1618–1619இல் கூடிய டோர்ட் சங்கத்தின் விதிகளின்படி குருவை அழைப்பது சபையின் மூப்பரும் உதவிக்காரரும். வட்டார மன்றம் பரிசீலிக்க வேண்டும், சபையாரின் ஒப்புதலும் வேண்டும். ஆனால் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கும்பனியின் ஆட்சிப்புலத்தில் குருமார் கும்பனியின் சம்பளக்காரர். கும்பனி அனுப்பிய இடத்துக்குப் போனார்கள், மாற்றிய இடத்துக்கு மாறினார்கள். கும்பனியின் கீழ் உத்தியோகம் பெறவும் விவாகத்தைச் சட்டப்படி பதியவும் ஞானஸ்நானம் தேவைப்பட்ட சமுதாயத்தில், ‘சபையின் இசைவு’ என்பதற்குப் பொருள் இருந்திருக்க முடியாது. அக்காலக் கிறிஸ்தவம் பெயரளவில் இருந்தது என்று ரெனன்ற் எழுதியது பலராலும் ஏற்கப்பட்ட முடிவு. அதற்கான காரணங்களில் ஒன்று நிர்வாக அமைப்பு. மக்கள் பெயர் பதிவேட்டில் இருந்தது. அவர்களுடைய சொல் எந்தத் தீர்மானத்திலும் இல்லை.

ஒரு விதிவிலக்கைக் குறிப்பிட வேண்டும். 1723இல் கொழும்பில் பிறந்த தமிழரான பிலிப்பு தெ மெல்லோ, சீர்திருத்தத் திருச்சபையில் குருத்துவ அபிஷேகம் பெற்று யாழ்ப்பாணத்தில் பணியாற்றி 1790இல் மறைந்தார். சைமன் காசிச்செட்டி 1859இல் வெளியிட்ட தமிழ்ப் புலவர் சரித்திர நூலிலும் அவர் இடம்பெற்றார். தமிழர் ஒருவர் குருவாகலாம் என்பதை அவர் வாழ்க்கை நிறுவியது. ஆனால் அவரையும் நியமித்தது கும்பனியின் ஒழுங்கே.

1795இல் யாழ்ப்பாணம் பிரித்தானியர் கைக்கு மாறியது, குருமாருக்குக் கும்பனி கொடுத்த சம்பளமும் நின்றது. 1806இல் இங்கு வந்த ஆங்கிலிக்கக் குரு குளோடியஸ் புக்கானன், பாழடைந்த ஆலயங்களையும் தரங்கம்பாடியிலிருந்து வந்து ஊழியம் செய்த கிறிஸ்தியான் தாவீது என்ற தமிழரையும் கண்டதாக எழுதினார். ஏறத்தாழ நூற்று நாற்பது ஆண்டு நடந்த ஓர் அமைப்பு பத்துப் பதினைந்து ஆண்டுக்குள் சிதைந்ததற்குப் பல காரணங்கள் உண்டு. குருவைத் தாமே தெரிந்து தாமே பேணிப் பழகாத சபைகள், அனுப்பியவர் போனதும் குருவின்றி நின்றன என்பது அவற்றுள் ஒன்று.

4. மிஷனும் சுதேசக் குருமாரும்

அமெரிக்க மிஷனரிமார் 1816இல் யாழ்ப்பாணம் வந்தபோது, தேசாதிபதி பிறவுண்றிக்கின் அரசு பாழடைந்த ஒல்லாந்தத் தேவாலயங்களை அவர்களுக்குக் கொடுத்தது. டானியல் பூவரும் எட்வேர்ட் வாறனும் தெல்லிப்பழையிலும், பெஞ்சமின் மெய்க்ஸும் ஜேம்ஸ் றிச்சர்ட்ஸும் வட்டுக்கோட்டையிலும் அமர்ந்தனர். சில ஆண்டுகளில் உடுவில், பண்டத்தரிப்பு, மானிப்பாய் நிலையங்கள் எழுந்தன.

இவர்களை அனுப்பிய அமெரிக்கச் சங்கம் கொங்கிறிகேஷனல் சபையாரால் 1810இல் தொடங்கப்பட்டது. பிரெஸ்பிற்றேரியரும் ஒல்லாந்தச் சீர்திருத்தச் சபையாரும் நெடுங்காலம் அதில் பங்காளிகள். பண்டத்தரிப்பில் பணியாற்றிய வைத்தியர் ஜோன் ஸ்கடர் சீர்திருத்தச் சபையைச் சேர்ந்தவர். அவருடைய புதல்வர்கள் 1853இல் நிறுவிய ஆர்க்காட்டு மிஷன் பிரெஸ்பிற்றேரியன் ஒழுங்கிலேயே நடந்தது. கொங்கிறிகேஷனல் சபையும் பிரெஸ்பிற்றேரியன் சபையும் மேல்மன்றத்தின் அதிகாரம் பற்றி முரண்படுபவை. குருவைச் சபையே அழைக்க வேண்டும் என்பதில் இரண்டுக்கும் முரண்பாடில்லை.

ஆகவே இங்கே உரிமை கைமாறியிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயம். நடந்தது வேறு. 1821இல் கபிரியேல் திசேரா, நிக்கலஸ் என்னும் இருவருக்குப் பிரசங்கிக்கும் அனுமதி கிடைத்தது. அனுமதி கிடைத்ததே தவிர, சபையொன்றின் பொறுப்புக் கிடைக்கவில்லை. 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரி வானியல், கணிதம், தருக்கம், தமிழ் இலக்கியம் கற்ற தலைமுறையை உருவாக்கியது. அவர்களில் பலர் அரச உத்தியோகத்துக்கும் ஆசிரியத் தொழிலுக்கும் போனார்கள். முப்பது ஆண்டுக்குப் பின்னும் சபைகளை மேய்த்தவர்கள் பெரும்பாலும் அமெரிக்கரே. ஆங்கிலிக்க மரபில் கிறிஸ்தியான் தாவீதுக்குப் பேராயர் ஹீபர் 1824இலேயே குருத்துவ அபிஷேகம் செய்துவிட்டார். சபையின் உரிமையை உரக்கப் பேசிய மரபு இதில் பின்தங்கியது.

1855இல் அமெரிக்கச் சங்கத்தின் செயலாளர் றூபஸ் அண்டர்சன் யாழ்ப்பாணம் வந்தார். தன்னாட்சி, தன்னாதரவு, தானே சுவிசேஷம் பரப்பல் என்னும் மூன்றும் உள்ளதே நிறைவான சபை என்பது அவர் கொள்கை. மிஷனரி நிரந்தரக் குருவாக இருக்கலாகாது, ஊர்ச் சபைக்கு ஊரவரே குருவாக வேண்டும், அவருடைய வேதனம் அந்தச் சபை தாங்கக்கூடிய அளவில் இருக்க வேண்டும் என்று வலியுறுத்தினார். அவருடைய வருகையை ஒட்டித் தமிழ்க் குருமார் அபிஷேகம் பெறும் வழி திறந்தது. அதே வருகையை ஒட்டி அதே ஆண்டில் செமினரி மூடப்பட்டது. குருவைத் தா என்ற கை, குருவை உருவாக்கிய கல்விச்சாலையை மூடியது. உயர்கல்விக்கான கோரிக்கை ஓயவில்லை; அதன் பயனாக 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி பிறந்தது.

தன்னாதரவின் பாரம் யார் தலையில் விழுந்தது என்பதை அக்காலக் குறிப்புகள் காட்டுகின்றன. 1880இல் இங்கு வந்த மிஷனரிமாரான லீச் சகோதரிகளின் நூல் பிடியரிசி வழக்கத்தை விவரிக்கிறது. உலை வைக்க அரிசி அளக்கும்போது, அளந்ததிலிருந்து ஒரு பிடியை எடுத்து வேறொரு பானையில் பெண்கள் போட்டு வைப்பார்கள். சேர்ந்த அரிசி சபைக்குப் போகும். கணவன் சம்பளத்திலிருந்து கொடுத்த காணிக்கை கணக்கேட்டில் அவன் பெயரில் பதிவாகும். அடுக்களையில் நாளுக்கு நாள் சேர்ந்த பிடியரிசி எந்தப் பெயரிலும் பதிவாகாது. குருவின் வேதனத்தைத் தாங்கியவர்களில் பெரும்பகுதியினர், குருவைப் பற்றிய பேச்சில் குரலற்றவர்களாக இருந்தார்கள். மிஷன் காலத்துத் தன்னாட்சி எவ்வளவு தூரம் சென்றது என்பதை அளக்க இது தகுந்த அளவுகோல்.

5. ஐக்கியத்தின் விலை

1908இல் பிரெஸ்பிற்றேரியன், கொங்கிறிகேஷனல் சபைகள் சேர்ந்து தென்னிந்திய ஐக்கிய திருச்சபை உருவாயிற்று. யாழ்ப்பாணச் சபைகள் அதன் ஒரு மன்றமாயின. வலிகாமத்துச் சபைகள் பிரெஸ்பிற்றேரியரோடு பேராயர் ஆட்சியின்றி ஒரே திருச்சபையாக வாழ்ந்தது ஏறத்தாழ இந்த நாற்பது ஆண்டே. 1947 செப்ரெம்பர் 27இல் சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை உதயமானபோது யாழ்ப்பாணம் ஓர் ஆதீனமாகி, சபாபதி குலேந்திரன் முதற் பேராயரானார். தமிழர் ஒருவர் தலைமையில் தன்னாட்சி முழுமை பெற்றது. ஆனால் தன்னாட்சி நிலைபெற்ற இடம் ஆதீனம். ஊர்ச் சபை அந்தத் தன்னாட்சியின் ஓர் உறுப்பாயிற்று.

ஐக்கியத்தை வடித்தவர்கள் இதை உணராதவர்கள் அல்லர். பேராயர் ஆட்சி, மூப்பர் மன்றம், சபையின் உரிமை என்னும் மூன்றும் சேர வேண்டும் என்பதே அவர்கள் கருத்து. குருவின் நியமனம் பற்றியும், தம்மிடமிருந்து குருத்துவத்துக்குச் செல்வோரின் தெரிவு பற்றியும் தன் கருத்தைச் சொல்லச் சபைக்கு வாய்ப்பிருக்க வேண்டும் என்பது அத்திருச்சபையின் அமைப்புவிதியில் இடம்பெற்ற கோட்பாடு. அபிஷேக ஆராதனையிலும் சபையாரிடம் அவர்களுடைய இசைவு கேட்கப்படுகிறது. கல்வினின் வழிவந்தோர் ஐக்கியத்துக்குள் கொண்டுவந்த சொத்து இது. வழிபாட்டு நூலில் அது உயிரோடு இருக்கிறது, நிர்வாகத்தில் மெலிந்துவிட்டது.

6. நியமனத்தின் பக்கம் உள்ள நியாயங்கள்

அழைப்பு முறையைப் புகழ்வது எளிது. அதற்கு எதிரான வாதங்கள் வலுவானவை; அவற்றை எடைபோடாமல் முடிவுக்கு வரக் கூடாது.

முதலாவது சாதி. வாக்களிக்கும் சபை ஊரின் சபை. ஊரின் ஏற்றத்தாழ்வு அதற்குள் இருக்கும். தஞ்சைச் சபைகளில் சாதிவாரி இருக்கையை இளைய மிஷனரிமார் ஒழிக்க முயன்றபோது, 1829இல் வேதநாயகம் சாஸ்திரியார் போன்ற பெரும் புலவரே அதை எதிர்த்து எழுதினார். 1833இல் பேராயர் டானியல் வில்சன் ஆலயத்துக்குள் சாதி வேற்றுமை கூடாதென்று கட்டளையிட வேண்டியிருந்தது. அங்கே சபையின் விருப்பம் ஒரு பக்கம் நின்றது, நீதி மறுபக்கம் நின்றது. வட்டுக்கோட்டையிலும் வேளாள மாணவரின் சமையலும் பந்தியும் நெடுநாள் பிரச்சினையாக இருந்தன. இத்தகைய சமூகத்தில் தெரிவை முழுமையாகச் சபையிடம் விட்டால், ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த குருவுக்கு எத்தனை ஆலயங்களின் கதவு திறக்கும்?

இரண்டாவது பங்கீடு. வசதியுள்ள சபை விரும்பியவரை அழைக்கும். வறிய சபைக்கு அழைக்கும் உரிமை ஏட்டில் மட்டும் இருக்கும். மிசோரம் இதற்கு நல்ல சான்று. பெயராலும் ஒழுங்காலும் பிரெஸ்பிற்றேரியனான அங்குள்ள திருச்சபையில், வீட்டுப் பெண்கள் பிடியரிசி சேர்க்கும் வழக்கம் 1910இல் தொடங்கி இன்றும் பெரும் வருவாய் தருகிறது. திருச்சபை தன் காலிலேயே நிற்கிறது. எனினும் குருமாரின் வேதனம் பொது நிதியிலிருந்து வழங்கப்படுகிறது. குருமாரை இடமாற்றி அனுப்புவது மேல்மன்றம். மலையின் கடைசிக் கிராமத்துக்கும் இதனால் குரு கிடைக்கிறார். சம்பளம் கொடுப்பவரே அழைப்பவர் என்ற சூத்திரத்தை மிசோரம் திருத்துகிறது: பணம் எங்கே சேர்கிறதோ அங்கே நியமனமும் சேர்கிறது.

மூன்றாவது போர். 1990க்குப் பின் தெல்லிப்பழைக்கு வடக்கே பெரும்பகுதி உயர் பாதுகாப்பு வலயமானது. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமமே இடம்பெயர்ந்தது. சிதறிய மக்களால் கூட்டம் கூட்டி அழைப்பு எழுத முடியாது. அந்நாட்களில் சபைகளைக் குருவின்றி விடாமல் காத்தது, அனுப்பும் அதிகாரமுள்ள ஓர் ஆதீனமே.

இம்மூன்று நியாயங்களும் உண்மையானவை. ஆனால் அவை பிரெஸ்பிற்றேரியன் ஒழுங்கின் ஒரு பாதியைத்தான் எதிர்க்கின்றன. அம்மரபில் சபையின் வாக்கு ஒருபோதும் இறுதியானதல்ல. சாதியும் குடும்பப் பலமும் வாக்கைத் திரித்தால் தடுப்பதற்கே மேல்மன்றத்தின் பரிசீலனை இருக்கிறது. ஸ்கொத்லாந்தின் அனுபவம் மறுபக்க ஆபத்தைக் காட்டுகிறது. நிலவுடைமையாளர் குருவை நியமிக்க 1712இன் சட்டம் இடமளித்தது. சபைகள் விரும்பாத குருமார் அவற்றின்மேல் சுமத்தப்பட்டனர். 1843இல் ஏறத்தாழ 1,200 குருமாரில் 450க்கு மேற்பட்டோர் வீட்டையும் வேதனத்தையும் துறந்து வெளியேறி சுயாதீனத் திருச்சபையை அமைத்தனர். சென்னையில் இருந்த ஸ்கொத்திஷ் மிஷனரிமாரும் அவர்களோடு நின்றனர். அச்சட்டம் 1874இல்தான் நீக்கப்பட்டது. சபையின் இசைவு வெளியேறியோருக்கு ஒரு நிர்வாக வசதியாகத் தெரியவில்லை. விசுவாசத்தின் பகுதியாகத் தெரிந்தது.

7. கோவிலும் சபையும்

யாழ்ப்பாணச் சூழலில் இன்னொன்றையும் கருத வேண்டும். இங்குள்ள பெரும்பாலான கோவில்களில் குருக்களை நியமிப்பது தருமகர்த்தா அல்லது உரிமைக் குடும்பம். அடியார் திருவிழா உபயம் செய்வர், தேர் வடம் பிடிப்பர். நியமனம் அவர்களிடம் இல்லை. ஆறுமுக நாவலர் நல்லூர்க் கோவில் அதிகாரிகளோடு வெளிப்படையாக மோதியதும், ‘யாழ்ப்பாணச் சமயநிலை’யில் கோவில் நிர்வாகத்தைக் கண்டித்ததும், அடியாரின் சார்பில் எழுந்த கேள்விகளே. பொதுமக்கள் சமயத் தலைமையைத் தெரிவு செய்வது இந்த மண்ணில் பழக்கமில்லாத ஒன்று. கிறிஸ்தவச் சபை அதை அறிமுகம் செய்திருக்கலாம். சமூகத்தின் பழைய வார்ப்பு சபையையும் தன் வடிவுக்குக் கொண்டுவந்தது.

இதன் விளைவு வரவேற்பில் தெரிகிறது. புதிய குரு வரும் நாளில் வாசலில் வாழைக்குலையும் தோரணமும் கட்டப்படும். மூப்பர் ஒருவர் மாலையிடுவார். பாலர் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள் பாடுவார்கள். வரவேற்புப் பா வாசிக்கப்பட்டுச் சட்டமிட்டுக் கையளிக்கப்படும். அதில் குருவின் பிறந்த ஊர், கல்வி, குணம் எல்லாம் வரும். இந்தச் சபைக்கு என்ன தேவை என்பது வராது. தேநீர் உபசாரத்தோடு நாள் முடியும். இந்த அன்பு மெய்யானது. குறைத்து மதிப்பிடக் கூடாதது. ஆனால் தெரிவில் பங்கில்லாத சபை தன் பங்கு முழுவதையும் உபசாரத்தில் செலுத்துகிறது. மறுநாள் முதல் குரு ‘ஆதீனம் அனுப்பியவர்’ ஆகிவிடுகிறார். அவரோடு பிணக்கு வந்தால் முறைப்பாடும் ஆதீனத்துக்கே போகிறது. தானே அழைத்த குருவானால், பிணக்கில் தனக்கும் பொறுப்புண்டு என்பதைச் சபை மறக்க முடியாது.

8. முடிவு

வலிகாமத்தின் சீர்திருத்தச் சபைகளுக்குக் குருவை அழைக்கும் உரிமை கொள்கையில் எப்போதும் இருந்தது, நடைமுறையில் ஒருபோதும் முழுமையாக இருக்கவில்லை. கும்பனி, மிஷன், ஆதீனம் என்று அனுப்பும் கை மாறியது. கடைசிக் கை நம்முடைய கை என்பது பெரிய வேறுபாடு. ஆனால் ஊர்ச் சபையின் நிலை அந்த அளவுக்கு மாறவில்லை.

நியமன முறையைக் கைவிட வேண்டும் என்பது இக்கட்டுரையின் முடிவல்ல. சாதியும் வறுமையும் உள்ள வரையில் பொது நிதியும் பொது நியமனமும் தேவை. தேவைப்படுவது, அமைப்புவிதியில் ஏற்கெனவே உள்ள சபையின் கருத்துரிமையை நடைமுறைக்குக் கொண்டுவருவது. குரு மாற்றத்துக்கு முன் ஒவ்வொரு சபையும் கூடி, தன் நிலையையும் தேவையையும் எழுத்தில் வைக்க வேண்டும். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கத் தனித்து வாழும் முதியோர் எத்தனை பேர்? போரில் கணவனை இழந்த பெண்களின் நிலை என்ன? 2014, 2015இல் சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது தண்ணீருக்காக வீதியில் நின்ற மக்களோடு சபை எங்கே நின்றது? அடுத்த முறை எங்கே நிற்கும்? இவற்றுக்கு விடை எழுதும் சபை எத்தகைய குரு வேண்டும் என்பதையும் சொல்லக் கற்றுக்கொள்ளும். அந்தக் கூட்டத்தில் பெண்களுக்கும் இளையோருக்கும் சமமான சொல் இருக்க வேண்டும். ஆதீனம் சபையின் கருத்துக்கு மாறாக முடிவெடுத்தால், காரணத்தைச் சபைக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

இதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டாம். அடுத்த குரு மாற்றத்துக்கு முன் சபைக் கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் இதை ஒரு விடயமாகச் சேர்க்கும்படி ஓர் அங்கத்தவர் கேட்டாலே போதும். வலிகாமத்துச் சபையார் அதைக் கேட்க வேண்டும்.